டிக் அடித்தே வந்த பெட்டி: குக்கீ, படிவம், சம்மதம்

2012-ல் ஒரு படிவம் செய்து கொடுத்தேன். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்காக. பெயர், இமெயில், கம்பெனி, போன் நம்பர் என்று நாலு கட்டங்கள். கீழே, சலுகைகள் பற்றி எழுதலாம் என்று சம்மதம் கேட்கும் ஒரு டிக் பெட்டி. நிரப்பி அனுப்பினால் ஒரு பி.டி.எஃப். கையேடு இலவசமாக இறங்கும். முடித்துக் காட்டியபோது அவர்களுடைய மார்க்கெட்டிங் ஆள் ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: "அந்தப் பெட்டி டிக் ஆகியே இருக்கட்டும்." கோடில் 'செக்டு' என்று ஒரு சொல் சேர்த்தேன். ஆங்கிலத்தில் ஏழே எழுத்து. பத்து நொடி வேலை. முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

ஏழு வருடம் கழித்து, 2019 அக்டோபர் 1 அன்று, லக்ஸம்பர்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு பெட்டியைப் பற்றித் தீர்ப்பு சொன்னது. நான் செய்த படிவம் இல்லை, ஜெர்மனியில் யாரோ செய்தது. ஆனாலும் செய்தியைப் படித்ததும் எனக்கு அந்த ஏழு எழுத்துதான் ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து விட்டுவிட்டுப் படித்துச் சேர்த்ததன் சுருக்கம்தான் இந்தக் கட்டுரை.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் குக்கீயை வில்லனாக்கி விடுவார்கள். படிக்கப் படிக்க எனக்கு அது பாதி உண்மை என்றுதான் பட்டது. குக்கீக்கு நம் பெயர் தெரியாது. அதற்குப் பெயர் சொல்லிக் கொடுத்தது படிவம். படிவத்தை நிரப்பியது நாம்.

செருப்பு டோக்கன்

முதலில் குக்கீ. வலைத்தளங்களுக்கு அடிப்படையான எச்.டி.டி.பி. முறைக்கு ஞாபகசக்தி கிடையாது. நீங்கள் ஒரு பக்கம் கேட்கிறீர்கள், சர்வர் தருகிறது, அதோடு மறந்துவிடுகிறது. அடுத்த நொடி இன்னொரு பக்கம் கேட்டால் நீங்கள் புது ஆள். படிப்பதற்கு மட்டும் என்றால் இது போதும். கடை வைக்க முடியாது. கூடையில் ஒரு பொருளைப் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போனால் கூடை காலியாக இருக்கும்.

1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்துக்கு இந்தச் சிக்கல் வந்தது. அவர்களுடைய வாடிக்கையாளரான எம்.சி.ஐ. என்ற தொலைபேசி நிறுவனம், பாதியில் நிற்கும் வியாபாரங்களையெல்லாம் தன் சர்வரில் சேமித்து வைக்க விரும்பவில்லை. நெட்ஸ்கேப்பில் இருந்த லூ மாண்டுலி என்ற 23 வயதுப் பொறியாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். சர்வர் ஒரு சிறு குறிப்பைப் பிரவுசரிடமே கொடுத்து வைக்கும். அடுத்த முறை வரும்போது பிரவுசர் அதைத் திருப்பிக் காட்டும். யூனிக்ஸ் உலகில் ஏற்கெனவே புழங்கிய 'மேஜிக் குக்கீ' என்ற பெயர் இதற்கும் ஒட்டிக்கொண்டது. அந்த வருடம் அக்டோபரில் வந்த நெட்ஸ்கேப்பின் முதல் பீட்டாவிலேயே குக்கீ இருந்தது. முதல் உபயோகம் ரொம்பச் சாதாரணமானது: நெட்ஸ்கேப்பின் சொந்தத் தளத்துக்கு வந்தவர் ஏற்கெனவே வந்தவரா என்று பார்ப்பது.

கோயில் வாசலில் செருப்பு விடும்போது ஒரு டோக்கன் தருவார்களே, அதுதான் இது. அதில் எண் இருக்கும், பெயர் இருக்காது. 73-ம் நம்பர் செருப்பு யாருடையது என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

பிரவுசருக்கு ஒரே ஒரு நிரந்தர எண் கொடுத்துவிடலாம் என்ற எளிய வழியும் அப்போது மாண்டுலியின் முன் இருந்தது. அதை அவர் வேண்டாமென்று ஒதுக்கினார். எல்லாத் தளமும் ஒரே எண்ணைப் பார்த்தால் ஒரு ஆளை ஊர் முழுக்கப் பின்தொடர முடியும் என்பதுதான் காரணம். அதனால்தான் குக்கீயைக் கொடுத்த தளம் மட்டுமே அதைத் திரும்பப் படிக்க முடியும் என்று வைத்தார். இந்தக் கோயில் டோக்கன் அந்தக் கோயிலில் செல்லாது.

நல்ல யோசனைதான். ஆனால் ஒரு ஓட்டை இருந்தது. ஒரு பக்கத்தில் உள்ள படங்கள் எல்லாம் அந்தத் தளத்திலிருந்தே வர வேண்டும் என்று கட்டாயமில்லை. விளம்பரப் படம் விளம்பரக் கம்பெனியின் சர்வரிலிருந்து வரும். அந்தச் சர்வரும் ஒரு குக்கீ கொடுக்கும். அதே கம்பெனி ஆயிரம் தளங்களில் விளம்பரம் போட்டால்? ஊரில் உள்ள எல்லாக் கோயில் வாசலிலும் செருப்புக் கடையை ஒரே காண்டிராக்டர் எடுத்த கதைதான். டோக்கன் ஒன்றுதான். நீங்கள் எந்தக் கோயிலுக்கு எப்போது போனீர்கள் என்பது அவர் நோட்டில் வரிசையாக இருக்கும். இதைத்தான் மூன்றாம் தரப்புக் குக்கீ என்கிறோம்.

இது யாருக்கும் தெரியாமல் நடந்துவிடவில்லை. 1996 பிப்ரவரியில் லண்டன் பைனான்ஷியல் டைம்ஸ் குக்கீ பற்றி எழுதியது, பேச்சு கிளம்பியது. 1997 பிப்ரவரியில் குக்கீக்கான முதல் முறையான தரக்குறிப்பு, ஆர்.எஃப்.சி. 2109, வெளியானது. எழுதியவர்கள் பெல் லேப்ஸின் டேவிட் கிறிஸ்டலும் மாண்டுலியும். மூன்றாம் தரப்புக் குக்கீயை அனுமதிக்கக் கூடாது, அல்லது குறைந்தபட்சம் தானாகவே அனுமதிக்கும்படி வைக்கக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. அப்போதைய இரண்டு பெரிய பிரவுசர்களும், மாண்டுலியின் சொந்த நெட்ஸ்கேப் உட்பட, அந்த விதியைக் கடைப்பிடிக்கவில்லை. முழுதாகத் தடுத்தால் விளம்பரக்காரர்கள் கண்ணுக்கே தெரியாத வேறு வழிகளைத் தேடுவார்கள், குக்கீயாவது பயனர் பார்த்து அழிக்கக்கூடியது என்பது அவர் பின்னாளில் சொன்ன விளக்கம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பயனரிடம் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்விக்கு, 'ஆமாம்' என்று முன்கூட்டியே டிக் அடித்து வைத்தது அன்றுதான்.

நோட்டில் பெயர் எழுதும் இடம்

இனி படிவம். 1993-லேயே மொசைக் பிரவுசரில் படிவம் வந்துவிட்டது. 1995 நவம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 2.0 அதை முறைப்படுத்தியது. எழுதும் கட்டம், டிக் பெட்டி, சப்மிட் பொத்தான் எல்லாம் அதில் உண்டு. நான் பத்து நொடியில் சேர்த்தேனே, அந்த 'செக்டு'வும் அதில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் படிவத்தோடு சேர்ந்து போகும் 'ஹிட்டன்' கட்டமும் இருக்கிறது. எதுவும் சூழ்ச்சிக்காகச் செய்ததில்லை. பெரும்பாலானவர்கள் தேர்ந்தெடுப்பதை முன்கூட்டியே தேர்ந்து வைத்தால் அவர்களுக்கு ஒரு கிளிக் மிச்சம், அவ்வளவுதான்.

ஆக 1995-ல் இரண்டு கருவிகளும் தயார். ஒன்றுக்கு எண் தெரியும், இன்னொன்றுக்குப் பெயர் தெரியும். இரண்டையும் சேர்க்க யார் முதலில் முயன்றார்கள்?

வெளிப்படையாக முயன்று மாட்டிக்கொண்டது டபுள்கிளிக். மேலே சொன்ன காண்டிராக்டர் மாதிரியான அமெரிக்க விளம்பர நிறுவனம். 1999-ல் அது அபாகஸ் டைரக்ட் என்ற நிறுவனத்தை வாங்கியது. தபால் மூலம் பொருள் வாங்கும் கோடிக்கணக்கான அமெரிக்கக் குடும்பங்களின் பெயர், முகவரி, வாங்கிய விவரம் எல்லாம் அபாகஸிடம் இருந்தது. பெயரில்லாத குக்கீ எண்ணை இந்தப் பெயர்களோடு கோர்ப்பது திட்டம். விஷயம் வெளியே வந்ததும் வழக்குகள், அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் விசாரணை, பத்திரிகைகளில் கண்டனம். 2000 மார்ச்சில் டபுள்கிளிக் தலைவர் கெவின் ஓ'கானர், அரசும் தொழில்துறையும் ஒரு தரம் வகுக்கும் முன்பே இதைத் திட்டமிட்டது தன் தவறு என்று ஒப்புக்கொண்டு பின்வாங்கினார்.

தனியுரிமைக்குக் கிடைத்த வெற்றி என்று அன்று எழுதினார்கள். ஆனால் அதே 1999-ல் கனடாவின் டொராண்டோவில் எலோகுவா என்ற சிறு நிறுவனம் தொடங்கியிருந்தது. பின்னால் மார்க்கெட்டோ, ஹப்ஸ்பாட் (இரண்டும் 2006), பார்டாட் (2007) வந்தன. இவற்றைத்தான் மார்க்கெட்டிங் ஆட்டோமேஷன் என்கிறோம். டபுள்கிளிக் வெளியே விலை கொடுத்து வாங்கிச் சேர்க்கப் பார்த்த பெயரை, இவை நம் கையாலேயே எழுத வைத்தன.

எப்படி என்று சொல்கிறேன். நான் பல வருடம் இந்தக் கருவிகளோடு மல்லுக்கட்டியவன். தளத்தின் எல்லாப் பக்கங்களிலும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் உட்கார்ந்திருக்கும். நீங்கள் முதல்முறை வந்ததும் அது ஒரு குக்கீ வைக்கும். பெயர் இல்லை, ஒரு நீளமான எண் மட்டும். நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு பக்கமும் அந்த எண்ணுக்குக் கீழே பதிவாகும். இன்று விலைப் பக்கம், அடுத்த வாரம் ஒரு கட்டுரை, பத்து நாள் கழித்து மறுபடி விலைப் பக்கம். மூன்றாம் மாதம் அந்த இலவசக் கையேட்டுக்காகப் படிவத்தை நிரப்புகிறீர்கள். சப்மிட் அழுத்தியதும் பெயர், இமெயிலோடு அந்தக் குக்கீ எண்ணும் சேர்ந்து போகிறது. டேட்டாபேஸில் அந்த எண்ணின் பழைய வரிகள் அத்தனையும் உங்கள் பெயருக்கு மாறிவிடுகின்றன.

இனிமேல் நடப்பது மட்டும் இல்லை, கவனியுங்கள். *ஏற்கெனவே நடந்ததும்* உங்கள் பெயருக்கு வந்துவிடுகிறது. விலைப் பக்கத்துக்கு இத்தனை மதிப்பெண், இமெயிலைத் திறந்தால் இத்தனை என்று கூட்டிக்கொண்டே போய், ஒரு அளவைத் தாண்டியதும் விற்பனை ஆளுக்குத் தகவல் போகும். அவர் போன் செய்வார். அடுத்த முறை நீங்கள் வந்தால் படிவம் பெயரைக் கேட்காது, அது தெரியுமே; பதவி என்ன, கம்பெனியில் எத்தனை பேர் என்று புதிதாக இரண்டு கேள்வி கேட்கும். இப்படி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக.

இந்தக் கருவிகளின் கையேடுகளில் இது சிறப்பம்சமாகவே எழுதப்பட்டிருக்கும். எனக்கும் முதலில் பிரமிப்பாகத்தான் இருந்தது. ஒரு நாள் சோதனைக்காக என் சொந்தப் பெயரையே படிவத்தில் போட்டேன். அடுத்த நொடி, பல வாரங்களாக நான் அந்தத் தளத்தில் திறந்த பக்கங்களெல்லாம் தேதி, நேரத்தோடு என் பெயருக்குக் கீழே வரிசையாக வந்து நின்றன. இராத்திரி பதினோரு மணிக்குத் திறந்தது உட்பட. கருவியைத் தெரிந்தவன்தான் நான். இருந்தும் வயிற்றில் என்னவோ செய்தது.

வியாபாரத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இரண்டு எண்கள் போதும். 2012-ல் ஆரக்கிள் எலோகுவாவை வாங்க ஒப்புக்கொண்ட விலை சுமார் 87 கோடி டாலர். 2018-ல் அடோபி மார்க்கெட்டோவுக்குக் கொடுத்தது 475 கோடி டாலர்.

சட்டம் பெட்டியைப் பார்த்தது

ஐரோப்பா 2002-லேயே ஒரு உத்தரவு போட்டது. குக்கீ வைப்பதைச் சொல்ல வேண்டும், மறுக்க வழி தர வேண்டும் என்பது அதன் சாரம். 2009-ல் அதைத் திருத்தி, மறுக்க வழி தந்தால் போதாது, முன்கூட்டியே சம்மதம் வாங்க வேண்டும் என்றார்கள். உறுப்பு நாடுகள் 2011 மே மாதத்துக்குள் இதைச் சட்டமாக்க வேண்டும். நாம் தினமும் திட்டிக்கொண்டே மூடும் குக்கீ பேனரின் பிறப்பு இதுதான். தளத்தைத் தொடர்ந்து பார்த்தாலே சம்மதம்தான் என்று ஆரம்பகாலப் பேனர்கள் பல அவர்களாகவே அர்த்தம் செய்துகொண்டன. 2018 மே 25 முதல் அமலான ஜி.டி.பி.ஆர். அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. மௌனம் சம்மதமல்ல, முன்பே டிக் அடித்த பெட்டியும் சம்மதமல்ல என்று அதன் முகவுரையிலேயே இருக்கிறது.

இனி அந்த ஜெர்மன் பெட்டி. பிளானட்49 என்ற நிறுவனம் 2013 செப்டம்பரில் ஒரு பரிசுப் போட்டி நடத்தியது. அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால் பெயர், முகவரி கேட்கும் படிவம் வரும். அதன் கீழே இரண்டு பெட்டிகள். முதலாவது, விளம்பர நிறுவனங்கள் உங்களைத் தபால், போன், இமெயில் வழியாக அணுகலாம் என்பது. இது காலியாக இருக்கும், ஆனால் இதை டிக் செய்யாமல் போட்டியில் சேர முடியாது. அதிலுள்ள இணைப்பைத் தட்டினால் 57 நிறுவனங்களின் பட்டியல் வரும். வேண்டாதவர்களை ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். போதுமான அளவு நீக்காவிட்டால் அதிகபட்சம் 30 பேரை நிறுவனமே தேர்ந்துகொள்ளும். இரண்டாவது பெட்டி குக்கீக்கு. அது டிக் அடித்தே வந்தது.

ஜெர்மன் நுகர்வோர் அமைப்புகளின் கூட்டமைப்பு வழக்குப் போட்டது. பிராங்க்ஃபர்ட்டில் ஆரம்பித்து, ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் வழியாக லக்ஸம்பர்குக்குப் போனது. தீர்ப்பு தெளிவாக இருந்தது. டிக்கை எடுக்காமல் விட்டவர் சம்மதித்தார் என்று சொல்ல முடியாது. அவர் அந்த வரியைப் படிக்காமலே, ஏன், பெட்டியைப் பார்க்காமலேயே போயிருக்கலாம். குக்கீ எவ்வளவு நாள் இருக்கும், வேறு யாருக்கு எட்டும் என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்த வருடம், 2020 மே 28 அன்று, ஜெர்மன் உச்ச நீதிமன்றம் அந்த 57 பேர் பட்டியலுக்கும் சம்மதம் என்ற தகுதி கிடையாது என்று முடித்தது.

தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொரு இடம். அந்தக் குக்கீயில் ஓர் எண் இருந்தது, அது படிவத்தில் எழுதிய பெயர், முகவரியோடு கோர்க்கப்பட்டிருந்தது, அதனால்தான் குக்கீயில் சேர்வது ஓர் ஆளைப் பற்றிய தகவலாகிறது என்று அதில் பதிவாகியிருக்கிறது. எண்ணும் பெயரும் சேரும் அந்த முடிச்சை நீதிமன்றம் பார்த்துவிட்டது. ஆனால் அதன் முன் வைக்கப்பட்ட கேள்விகள் டிக் பெட்டியைப் பற்றியவை. பரிசு வேண்டுமென்றால் சம்மதம் கொடு என்று கட்டாயப்படுத்துவது சரியா என்ற கேள்வி தன்னிடம் கேட்கப்படவில்லை என்று நீதிமன்றமே குறிப்பிட்டு விட்டுவிட்டது.

பேனர் வாசலில், ஓட்டை படிவத்தில்

பிறகு எல்லோரும் பேனரைத் திருத்தினார்கள். திருத்தினார்களா என்றால், 2020-ல் வந்த ஓர் ஆய்வு பிரிட்டனில் அதிகம் பார்க்கப்படும் தளங்களில் 680 சம்மதப் பேனர்களைச் சோதித்தது. சட்டத்தின் குறைந்தபட்ச எதிர்பார்ப்புகளை நிறைவேற்றியவை 11.8 சதவீதம்தான். 'மறுக்கிறேன்' பொத்தானை முதல் திரையிலிருந்து எடுத்து உள்ளே ஒளித்தால் சம்மதிப்பவர்கள் 22 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் கூடுகிறார்கள் என்றும் அது காட்டியது. மறுப்பது ஏற்பதைப் போல எளிதாக இல்லை என்பதற்காகவே பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது.

2022-ல் வந்த இன்னொரு ஆய்வுதான் என்னை உலுக்கியது. ஒரு லட்சம் தளங்களின் படிவங்களைச் சோதித்தார்கள். ஐரோப்பாவிலிருந்து பார்த்தபோது 1,844 தளங்களில், அமெரிக்காவிலிருந்து பார்த்தபோது 2,950 தளங்களில், பயனர் எழுதிய இமெயில் முகவரி *சப்மிட் அழுத்தும் முன்பே*, சம்மதம் எதுவும் இல்லாமல், கண்காணிப்பு நிறுவனங்களுக்குப் போயிருக்கிறது. நாம் எழுதிவிட்டு, மனசு மாறி, பக்கத்தை மூடிவிட்டுப் போகிறோமே, அந்த முகவரியும்தான். வாசலில் பேனரைக் காவல் வைத்துவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்ட மாதிரி.

இனி படிவத்தின் பங்கு குறையப் போவதில்லை, கூடத்தான் போகிறது. சஃபாரி 2020-ல் மூன்றாம் தரப்புக் குக்கீயை முழுதாகத் தடுத்தது. கூகுள் குரோமில் நிறுத்துவதாக 2020-ல் அறிவித்து, தள்ளிப்போட்டு, 2024-ல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. ஆனாலும் அந்தக் குக்கீயை இனி நம்ப முடியாது என்று வியாபார உலகம் முடிவு செய்துவிட்டது. இப்போது எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் 'ஃபர்ஸ்ட் பார்ட்டி டேட்டா' என்ற பேச்சுதான். தமிழில் சொன்னால், வாடிக்கையாளரே நேரடியாகக் கொடுக்கும் தகவல். அதாவது படிவம்.

நம் நாட்டுக்கும் இது வந்துவிட்டது. 2023-ல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சம்மதத்துக்கு ஐந்து இலக்கணம் சொல்கிறார்கள்: சுதந்திரமாக, குறிப்பான விஷயத்துக்கு, விவரம் அறிந்து, நிபந்தனையின்றி, ஐயத்துக்கு இடமில்லாமல் தர வேண்டும். கொடுத்தது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். சம்மதக் கோரிக்கையை ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ படிக்க வழி தர வேண்டும். தமிழ் அதில் ஒன்று. 2025 நவம்பரில் விதிகள் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். சட்டத்தில் குக்கீ என்ற சொல்லே இல்லை. அது நல்லதுக்குத்தான் என்று நினைக்கிறேன். குக்கீயைப் பெயர் சொல்லிப் பிடித்தால் நமக்கும் ஒரு பேனர் வரும், நாமும் மூடிவிட்டுப் போவோம். சட்டம் ஓர் ஆளைப் பற்றிய தகவல் என்று பேசுகிறது. எண் ஓர் ஆளாக மாறுவது சப்மிட் பொத்தானில்தான்.

பேனர் கேட்பது ஒரு கேள்வி: எண் கொடுக்கலாமா? படிவம் கேட்பது இன்னொன்று: பெயர் தருகிறீர்களா? இரண்டையும் சேர்க்கலாமா, அதுவும் பழைய கணக்கோடு சேர்க்கலாமா என்பது மூன்றாவது கேள்வி. அதை நான் செய்த எந்தப் படிவமும் கேட்டதில்லை. தனியுரிமைக் கொள்கையின் பதினேழாம் பத்தியில் எங்கோ எழுதியிருக்கும்.

இப்போது என் குழுவில் படிவம் எதுவும் வந்தால் நான் மூன்று விஷயம் பார்க்கிறேன். பெட்டி காலியாக இருக்கிறதா? எந்த வாசகத்துக்கு, எந்தத் தேதியில் சம்மதித்தார் என்பது பதிவாகிறதா? சம்மதத்துக்கு முந்தைய பெயரில்லாத வரிகளைப் பெயரோடு சேர்க்காமல் அழிக்கிறோமா? மூன்றாவதுக்கு எப்போதும் சண்டை வரும். "டேட்டா வீணாப் போகுதே சார்" என்பார்கள். பாதித் தடவை நான் தோற்கிறேன்.

2012-ல் செய்த அந்தப் படிவத்தைப் போன மாதம் தேடிப் பார்த்தேன். தளம் மாறிவிட்டது, படிவம் இல்லை. அதில் எத்தனை பேர் பெயர் எழுதினார்கள், எத்தனை பேர் அந்தப் பெட்டியைக் கவனித்தார்கள் என்பதற்கு என்னிடம் எந்தக் கணக்கும் இல்லை. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அவர்களுக்குப் பதிலாக நான்தான் டிக் அடித்தேன்.